முடியாது: இயலாமையின் சொல், அதிகாரத்தின் சொல்

அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கும் மூதாட்டி, ‘நிக்க முடியலப்பா’ என்கிறார். வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாற்றம் கேட்டு வந்தவரிடம், ‘அதெல்லாம் முடியாது’ என்கிறார் எழுத்தர். இரண்டு பேரும் பயன்படுத்துவது முடிதல் என்ற ஒரே வினையை. மூதாட்டியின் வாயில் அது வலு தீர்ந்துவிட்டதற்கான ஒப்புதல். எழுத்தரின் வாயில் அது வலு இருப்பதற்கான அறிவிப்பு. இல்லாமையைச் சொல்ல வந்த சொல் இருப்பவரின் ஆயுதமானது எப்படி?

தமிழில் வலுவின்மையைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இயலாமை, ஆற்றாமை, மாட்டாமை, ஏலாமை, கையாலாகாத்தனம் என்று ஒரு வரிசை. நாதியற்ற, திக்கற்ற, கதியற்ற, வக்கற்ற, துப்புக்கெட்ட என்று இன்னொரு வரிசை. ஏழை, எளியவர், மெலியவர், பேதை, அபலை என்று மூன்றாவது வரிசை. அகராதியில் இவற்றுள் ஒன்றைத் தேடினால் மற்றொன்று பொருளாகக் கிடைக்கும். வழக்கிலோ இவை ஒன்றுக்கொன்று ஈடாவதில்லை. முதல் வரிசை, ஒருவரால் எது ஆகவில்லை என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, அவரிடம் எது இல்லை, அவருக்குப் பின்னால் யார் இல்லை என்பதைச் சொல்கிறது. மூன்றாவது, அந்த இல்லாமையையே அவருக்குப் பெயராகச் சூட்டிவிடுகிறது. இந்த மூன்று வரிசைகளும் காலப்போக்கில் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று பார்த்தால், வலுவற்றவரைத் தமிழ்ச் சமூகம் எப்படி நடத்தியது என்பதும் கூடவே தெரியவரும்.

‘என்னால்’ என்பதும் ‘நான்’ என்பதும்

முடிதல் என்பதன் அடிப்படைப் பொருள் நிறைவேறுதல். ‘வேலை முடிந்தது’ என்கிறோம். அதே வினை துணைவினையாகும்போது ஆற்றலைக் குறிக்கிறது: ‘என்னால் தூக்க முடியும்.’ இங்கே ஆள் எழுவாயாக நிற்கவில்லை; ‘ஆல்’ உருபு ஏற்றுக் கருவியின் இடத்தில் நிற்கிறார். காரியம் என் வழியாக நிறைவேறுகிறது, அல்லது நிறைவேறாமல் போகிறது. இயலும், ஏலும், ஆகும் ஆகியவற்றுக்கும் இதுவே அமைப்பு. ஆற்றல் என்பது ஆளின் உடைமை மட்டுமல்ல, அவர் வழியாக நடந்தேறும் ஒன்று என்ற பார்வை இந்த வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது.

உருபை எடுத்துவிட்டால் பொருள் புரண்டுவிடும். ‘உன்னால் உள்ளே போக முடியாது’ என்றால், சுவர் உயரம், உனக்கு ஏற வராது என்று பொருள் கொள்ளலாம். ‘நீ உள்ளே போக முடியாது’ என்றால் பெரும்பாலும் அது தடை. முதல் வாக்கியம் உடம்பைப் பற்றியது. இரண்டாவது வாசலில் நிற்கும் காவலரைப் பற்றியது. கோயில் நுழைவுக்குத் தடை இருந்த காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சொல்லப்பட்டது இரண்டாவது வாக்கியம். கால் இருந்தது, படி இருந்தது, கதவும் திறந்திருந்தது. இல்லாதது அனுமதி மட்டுமே. அனுமதியின்மையை ஆற்றலின்மையின் சொல்லால் சொல்வது மொழியில் அன்றாடம் நடக்கும் காரியம். அன்றாடம் நடப்பதால் அது கண்ணில் படுவதில்லை.

வட்டாரத்துக்கு வட்டாரம் இந்தச் சொல் மாறும். ஈழத்தில் ‘ஏலாது’ என்பதே இயல்பான வழக்கு. ‘அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு’ என்றால் உடம்பு சரியில்லை என்று பொருள். எதற்கும் உதவாதவரை ‘ஏலாவாளி’ என்று வைவதும் அங்கே உண்டு. தமிழ்நாட்டில் ‘உடம்புக்கு முடியலை’ என்பதும், மூத்தோரை ‘முடியாதவங்க’ என்பதும் இதே தடத்தில் வந்தவை. நோய், முதுமை, இயலாமை மூன்றும் இங்கே ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எழுத்துத் தமிழில் ‘சொல்லொணாத் துயரம்’ என்று எழுதும்போது, ‘ஒண்ணாது’ என்ற பழைய இயலாமைச் சொல்லின் எச்சம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சில் அது இப்போது அருகிவிட்டது.

மாட்டேன் நடந்துவந்த வழி

இந்த வரிசையில் வரலாறு மிகுந்த சொல் ‘மாட்டேன்.’ இன்று ‘நான் வரமாட்டேன்’ என்றால் அது மறுப்பு. வர விருப்பமில்லை, வரப்போவதில்லை. பழந்தமிழில் மாட்டுதல் என்பதற்கு ஆற்றல் கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு; மாட்டாமை என்றால் இயலாமை, மாட்டாதவர் என்றால் வலுவற்றவர். பக்திப் பாடல்களைப் படிக்கும் இன்றைய வாசகர் ‘மாட்டேன்’ என்ற இடத்தில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். அடியவர் மறுப்பதாக அவருக்குப் படும். பாடலோ தன்னால் ஆகவில்லை என்று இறைவனிடம் கைவிரித்து நிற்கும். ஆழ்வார் பாடல்களில் வரும் ‘கில்லேன்’ என்ற வடிவமும் ‘எனக்கு ஆற்றல் இல்லை’ என்பதையே சொன்னது. அந்தக் ‘கில்’ வழக்கிலிருந்து மறைந்தது. ‘மாட்டு’ பிழைத்தது, ஆனால் பொருள் மாறிப் பிழைத்தது.

‘என்னால் ஆகாது’ என்பது ‘நான் செய்யப்போவதில்லை’ என்று மாறியதை வெறும் ஒலித்தேய்வுபோல் தற்செயலாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒருவர் ‘ஆகாது’ என்று சொல்லும்போது, அவர் உண்மையிலேயே ஆகாதவரா, மனமில்லாதவரா என்று கேட்பவருக்குத் தெரியாது. நேராக மறுப்பது மரியாதைக் குறைவு. முடியாமையைக் காட்டி மறுப்பது நயம். அந்த நயத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், இயலாமைச் சொல் மறுப்புச் சொல்லாகப் பழுத்துவிடும். மாட்டேன் அப்படிப் பழுத்து முடிந்த சொல். ‘முடியாது’ இப்போது அதே வழியில் பாதி தூரம் வந்திருக்கிறது. ‘போக முடியாது, போ!’ என்று சிறுவன் அம்மாவிடம் சொன்னால் அவன் காலில் வலியில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

மாட்டேன் தன் பழம்பொருளை முற்றிலும் தொலைத்துவிடவில்லை. ‘தூக்கமாட்டாமல் தூக்கி வந்தாள்’, ‘நடக்கமாட்டாமல் நடந்தார்’ என்று சொல்லும்போது அதில் மறுப்பு துளியும் இல்லை, முழுக்க இயலாமைதான். இன்னொரு விந்தையும் உண்டு. ‘வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது’, ‘தூக்கம் வரமாட்டேங்குது’, ‘மழை பெய்யமாட்டேங்குது’ என்கிறோம். ‘மாட்டேன் என்கிறது’ என்பதன் சுருக்கம் இது. உயிரற்ற வண்டியும் வானமும் வாய்திறந்து மறுப்பதாக ஆகிவிடுகிறது. மறுக்கும் உரிமையைப் பொருள்களின் வாயில் வைத்துவிட்டு, மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். முழங்கால் தேய்ந்த பெரியவர் ‘நடக்க முடியமாட்டேங்குது’ என்கிறார். ஒரே சொல்லுக்குள் முடியாமையும் மறுப்பும் அடுக்கி நிற்கின்றன. முடியாமை தன்னுடையது, மறுப்பது தன் சொந்தக் கால்.

ஆற்றாதவரும் ஆற்றுபவரும்

ஆற்றாமைக்கு இன்றைய வழக்கில் வெதும்பல் என்ற சாயல் வந்துவிட்டது. எதுவும் செய்ய முடியாத கோபம், உள்ளே குமையும் வருத்தம், சில இடங்களில் பொறாமை. ‘ஆத்தமாட்டாமப் பேசுறா’ என்றால், மனம் தாங்காமல் கொட்டித் தீர்க்கிறாள் என்று பொருள். இவ்வளவும் ஒரே சொல்லுக்கு வந்ததன் காரணம் ஆற்றுதல் என்ற வினையில் இருக்கிறது. அதற்குச் செய்தல், பொறுத்தல், தணித்தல் என்ற மூன்று பொருள்களும் உண்டு. பணியாற்றுகிறோம், பசியை ஆற்றிக்கொள்கிறோம், சூடான பாலை ஆற்றுகிறோம். ஆகவே ஆற்றாமை என்றால் செய்ய முடியாமை, தாங்க முடியாமை, தணிக்க முடியாமை ஆகிய மூன்றும்தான்.

இந்தச் சொல்லின் பல பொருள்களையும் கையாண்டவர் வள்ளுவர். ஈகை அதிகாரத்தின் 225ஆம் குறள், தன் பசியைப் பொறுத்துக்கொள்ளும் தவத்தோரின் வலிமையைவிடப் பிறர் பசியைத் தணிப்பவரின் வலிமை மேல் என்கிறது. வலிமையும் பொறுத்தலும் ‘ஆற்றல்’ என்ற ஒரே சொல்லின் இரு பொருள்கள் என்பதால்தான் அந்த ஒப்பீடு அவ்வளவு இறுக்கமாக அமைந்தது. 894ஆம் குறளில் ஆற்றுவார், ஆற்றாதார் என்பவர்கள் வலியவரும் வலுவற்றவரும். வலுவற்றவர் வலியவருக்குத் தீங்கு செய்வது எமனைக் கைகாட்டி அழைப்பதற்கு ஒப்பு என்று அங்கே எச்சரிக்கிறார். கொடுங்கோன்மை அதிகாரத்தின் 555ஆம் குறளோ அதற்கு நேர்மாறான எச்சரிக்கை. துன்பம் தாங்க மாட்டாதவர் விடும் கண்ணீர் அரசின் செல்வத்தையே அரித்துவிடும் ஆயுதம் என்கிறது. ஓரிடத்தில் ஆற்றாதவர் அடங்கியிருக்க வேண்டியவர். இன்னோரிடத்தில் அவர் ஆற்றாமையே ஆட்சியைச் சாய்க்கும். முதலாவது வலுவற்றவருக்குச் சொன்ன நடைமுறை அறிவுரை. இரண்டாவது ஆள்பவருக்குச் சொன்ன அறம். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல், முதலாவதை மட்டும் எடுத்து ஊருக்குப் போதித்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள்.

செய்யாமையும் இயலாமையும்

திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளில் ‘ஆமை’ என்று முடிபவை நிறைய. கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை, இன்னா செய்யாமை, புறங்கூறாமை என்று நீளும் அந்தப் பட்டியலில் பிரிவாற்றாமையும் இருக்கிறது. இலக்கண அமைப்பில் இவை எல்லாம் எதிர்மறைத் தொழிற்பெயர்கள். பொருளில் இரண்டு சாதி. கொல்லாமை என்பது கொல்ல முடிந்தும் கொல்லாதிருப்பது. பிரிவாற்றாமை என்பது தாங்க விரும்பியும் தாங்க முடியாதிருப்பது. ஒரே ஈறு ஓரிடத்தில் அறமாகவும் இன்னோரிடத்தில் அவலமாகவும் நிற்கிறது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் இடம் வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள், 301. தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குபவரே சினம் காப்பவர். செல்லுபடியாகாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று அது கேட்கிறது. மேலதிகாரியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர் வீட்டுக்கு வந்து மனைவி மக்கள்மேல் எரிந்து விழுந்தால், அவர் அலுவலகத்தில் காத்தது பொறுமையல்ல, இயலாமை. தன்னைவிட மெலியவர்மேல் பாயும்போது, தன்னைவிட வலியவர்முன் தான் நிற்கும் நிலையை நினைத்துப் பார்க்கச் சொல்கிறது அருளுடைமை அதிகாரத்தின் 250ஆம் குறள். வலிமையும் மெலிவும் ஆளுக்குரிய நிலைத்த குணங்கள் அல்ல. யார்முன் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுபவை என்ற தெளிவு அதில் இருக்கிறது.

காந்தி 1920 ஆகஸ்ட் 11 ‘யங் இந்தியா’ இதழில் வாளின் கோட்பாடு பற்றி எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. தண்டிக்கும் வலு இருக்கும்போதுதான் மன்னிப்புக்குப் பொருள் உண்டு, வலுவற்ற உயிர் மன்னிப்பதாகச் சொல்வதில் பொருளில்லை என்பது அவர் வாதம். கோழைத்தனம், வன்முறை இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டுமென்றால் வன்முறையையே பரிந்துரைப்பேன் என்று அகிம்சைக்காரர் எழுதியதும் அதே கட்டுரையில்தான். அந்த மாதத் தொடக்கத்தில் அவர் தொடங்கிய இயக்கத்துக்குத் தமிழில் ஒத்துழையாமை என்று பெயர். இதுவும் ‘ஆமை’தான். மக்களின் ஒத்துழைப்பு இல்லாமல் அரசு நடக்காது என்றால், அதைத் தராதிருப்பதே வலு. இயலாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள், தங்கள் செய்யாமையே ஒரு செயல் என்று கண்டுகொண்ட தருணம் அது.

இல்லாமை வசையாகும் விதம்

இரண்டாம் வரிசைக்கு வருவோம். நாதியற்றவர் என்றால் கேட்க ஆளில்லாதவர். திக்கற்றவர் என்றால் போய்ச் சேர இடமில்லாதவர். கதியற்றவர் புகலில்லாதவர். பிறந்தபோது இவை எல்லாம் ஒரு நிலைமையை விவரித்த சொற்கள். குறை அந்த ஆளிடம் இல்லை, அவரைச் சுற்றி இருக்கிறது என்று சொன்ன சொற்கள். ‘திக்கற்றவருக்குத் தெய்வமே துணை’ என்ற பழமொழியில் அந்த இரக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் தெருச் சண்டையில் காதில் விழுவது ‘நாதியத்த பய’, ‘போக்கத்தவன்’, ‘வக்கத்தவன்.’ ஆதரவில்லாதிருப்பது ஒருவருக்கு நேர்ந்த துன்பமாக இருந்தது. பிறகு அவர் செய்த குற்றம்போல் ஆயிற்று.

‘துப்பு’ என்ற சொல்லின் விதி இன்னும் கடுமையானது. வள்ளுவர் 862ஆம் குறளில் பகைவரின் வலிமையைத் துப்பு என்றார். அது நேரான, கம்பீரமான சொல். இன்று ஒருவருக்குத் துப்பு இருக்கிறது என்று யாரும் பாராட்டுவதில்லை. ‘உனக்குத் துப்பிருக்கா?’, ‘துப்புக்கெட்டவன்’ என்று கேள்வியிலும் எதிர்மறையிலும் மட்டுமே வலிமை என்ற பொருள் தங்கியிருக்கிறது. வக்குக்கும் ஏறக்குறைய இதே கதிதான். வலிமையின் சொல், வலிமை இல்லாதவரை ஏசுவதற்காக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கையாலாகாதவன் என்ற வசை தமிழோடு நிற்பதில்லை. கன்னடத்தில் ‘கைலாகத’, தெலுங்கில் ‘சேதகானி’ என்று கையை வைத்தே இதே வசை அமைந்திருக்கிறது. கையால் உழைத்துப் பிழைக்கும் சமூகத்தில் கைக்கு ஆகாதவர் எதற்கும் ஆகாதவர். அந்தக் கைக்கு நிலமும் கருவியும் கூலியும் யார் கொடுத்தார்கள், யார் மறுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் சொல்லுக்குள் இடம்பெறவில்லை.

மூன்றாம் வரிசையில் ஏழை என்ற சொல்லின் பயணம் தனியாகக் கவனிக்கத்தக்கது. பழைய இலக்கியத்தில் ஏழைக்குப் பணமில்லாதவர் என்பது முதன்மைப் பொருள் அல்ல. 873ஆம் குறளில், தனியாளாக இருந்துகொண்டு பலரைப் பகைத்துக்கொள்பவன் பித்தனைவிட ஏழை என்று வருகிறது. அங்கே ஏழை என்றால் அறிவில்லாதவன். பெண்ணையும் ஏழை என்றார்கள். பேதை என்ற சொல்லும் அப்படியே. அறிவில்லாதவரையும் குறித்தது, பெண்ணையும் குறித்தது, பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவதற்கும் பெயராயிற்று. வடமொழியிலிருந்து வந்த அபலைக்குச் சொற்பொருளே பலமற்றவள் என்பதுதான். அதுவும் பெண்ணுக்கு வழங்கிய பெயர். வலுவின்மை, அறிவின்மை, பெண்மை, வறுமை என்ற நான்கையும் ஒரே வட்டத்துக்குள் நிறுத்திச் சொற்கள் அவற்றிடையே தாராளமாகப் போய்வந்தன. பத்திரிகைகள் ‘அபலைப் பெண்’ என்று எழுதும்போது, பெண் என்பதற்கும் வலுவற்றவள் என்பதற்கும் பழைய உலகம் போட்ட முடிச்சு மீண்டும் இறுகுகிறது.

நாற்காலி கிடைத்தும்

சொல் இப்படி என்றால், நடப்பில் இது எப்படி வேலை செய்கிறது? 1996ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலுக்காகத் தமிழ்நாட்டில் பல ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் அந்த ஒதுக்கீடு பத்தாண்டுகள் செயலுக்கு வரவில்லை. தேர்தல் அறிவிக்கப்படும், வேட்பு மனு வராது. வந்து, தேர்ந்தெடுக்கப்பட்டாலும் பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் வந்துவிடும். 2006இல், அப்போதைய மதுரை மாவட்ட ஆட்சியர் த. உதயச்சந்திரன் உள்ளிட்டோரின் முயற்சியால் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் அமர்ந்தார்கள்.

மேலவளவில் நடந்தது இதைவிடக் கொடியது. ஒதுக்கீட்டில் ஊராட்சித் தலைவரான முருகேசனும் அவருடன் பேருந்தில் வந்தவர்கள் சிலரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சட்டம் கொடுத்த அதிகாரம் அவரிடம் இருந்தது. அதை அவர் செலுத்த முடியாதபடி செய்தது, அந்த அதிகாரத்தைப் பொறுக்காத ஊர்.

பதவி விலகிய தலைவர்களை அந்த ஆண்டுகளில் துணிவில்லாதவர்கள், கையாலாகாதவர்கள் என்று வெளியிலிருந்து சொல்வது எளிதாக இருந்தது. மேலவளவை அறிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். வேலையும் கூலியும் ஆதிக்க சாதியாரின் வயலில் இருக்க, அவர்களை மீறித் தலைவராவது எப்படி? அங்கே இருந்தது கையாலாகாமை அல்ல, நாதியின்மை. 2006இல் அரசு நிர்வாகம் பின்னால் வந்து நின்றதும் அதே மக்கள் அதே ஊரில் பதவியேற்றார்கள். அவர்கள் மாறவில்லை, அவர்களுக்குப் பின்னால் இருந்த வெற்றிடம் நிரம்பியது.

உளவியலிலும் இதற்கு ஒத்த ஒரு திருத்தம் நடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1960களில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்ற கருத்து பிறந்தது. தப்ப வழியில்லாமல் மின் அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு வழி திறந்திருந்தபோதும் தப்ப முயலாமல் படுத்துவிட்டன. எதைச் செய்தும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டன என்பது அன்றைய விளக்கம். மூளை ஆய்வுகளின் துணையோடு 2016இல் அதே இருவரும் அந்த விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தின்முன் செயலற்றுப்போவது கற்றுக்கொள்ளும் ஒன்றல்ல, உயிரின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது, நிலைமை தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைத்தான் என்றார்கள். ஒருமுறையாவது தன் செயலால் நிலைமை மாறுவதைக் கண்டால்தான் அடுத்த முறை எழுந்திருக்கத் தோன்றும். நாய்களிலிருந்து மனித சமூகத்துக்கு நேராகத் தாவிவிட முடியாது. ஆனாலும் ‘ஏன் சும்மா இருந்தாய்?’ என்று வலுவற்றவரைக் கேட்பதற்கு முன், எழுந்து நின்றதற்கு அவர் எப்போதாவது பலன் கண்டதுண்டா என்று கேட்கலாம்.

சட்டத்தின் பட்டியல்

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பது பழமொழி. அம்பலம் என்பது ஊர்கூடி வழக்குத் தீர்க்கும் பொது மன்றம். இந்தப் பழமொழிக்கு எதிராகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது, 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 39அ உறுப்பு. பொருளாதாரக் குறையாலோ வேறு குறையாலோ யாருக்கும் நீதி மறுக்கப்படாதபடி அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அது. அதற்கு உருவம் கொடுத்த சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு யாருக்கெல்லாம் உதவி என்று பட்டியலிடுகிறது. குறைந்த வருமானம் உள்ளவர் அதில் ஒரு வகை மட்டுமே. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள், வெள்ளம் போன்ற பேரழிவிலும் சாதிக் கொடுமையிலும் பாதிக்கப்பட்டவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே உதவி உண்டு. சட்டம் ஒருவரின் பணப்பையை மட்டும் எண்ணவில்லை. அவர் நிற்கும் இடத்தைப் பார்த்தது. தெருவில் வசையாகிப்போன நாதியற்றவர் என்ற சொல்லின் பழைய பொருளைச் சட்டப் புத்தகம் மீட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

மாற்றுத்திறனாளி என்ற சொல், மு. கருணாநிதி 2006 முதல் 2011 வரை முதல்வராக இருந்த காலத்தில் அரசு வழக்குக்கு வந்தது. ஊனமுற்றோர் என்பதில் இருந்த இழிவு அதில் இல்லை. இருந்தாலும் சாய்தளம் இல்லாத கட்டடத்தின் முன் சக்கர நாற்காலியில் இருப்பவரை எந்தப் பெயரால் அழைத்தாலும் அவரால் உள்ளே போக முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் வரையறை இந்த உண்மையைத் தொட்டது. உடலின் அல்லது மனத்தின் நீண்டகாலக் குறைபாடு, வெளியில் உள்ள தடைகளோடு மோதும்போதுதான் ஒருவர் சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்பது தடைபடுகிறது என்று அது சொல்கிறது. முடியாமையின் பாதி படிக்கட்டில் இருக்கிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ள வேண்டியவை இன்னும் பல கட்டடங்கள்.

ஒரே சொல், இரண்டு வேடம்

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லலாம். அரசுக் கடிதங்களில் ‘தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது’ என்ற வாசகம் வரும். ஏற்கும் அதிகாரம் உள்ள அலுவலகம்தான் அப்படி எழுதுகிறது. அதிகாரம் இல்லாத அலுவலகம் மனுவை வேறொரு அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். ‘ஏற்க மறுக்கிறோம்’ என்று எழுதினால், மறுத்தவர் யார், ஏன் என்ற கேள்வி வரும். ‘இயலாது’ என்று எழுதினால் மறுத்தவர் மறைந்துவிடுகிறார். விதியோ சூழ்நிலையோ மறுத்ததுபோல் ஆகிவிடுகிறது. வலியவர் தம் மறுப்புக்கு இயலாமையின் வேடம் போடுவது பொறுப்பைத் தட்டிக்கழிக்க.

எளியவரும் இதே வேடத்தைப் போடுவதுண்டு, வேறு காரணத்துக்காக. பண்ணையாரிடம் ‘நாளைக்கு வரமாட்டேன்’ என்று சொல்ல முடியாத கூலியாள், ‘உடம்புக்கு முடியலைங்க’ என்பார். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் மலேசியாவின் கெடா மாநிலத்து நெல் விளையும் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, ‘வலுவற்றவரின் ஆயுதங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். கிளர்ச்சி செய்ய வழியில்லாத உழவர்கள் வேலையில் சுணங்குவதும், தெரியாததுபோல் நடிப்பதும், பின்னால் கேலி பேசுவதும் எதிர்ப்பின் வடிவங்களே என்று அதில் காட்டினார். பண்ணையாரிடம் சொல்லும் ‘முடியலைங்க’ அந்த வகை. அங்கே மறுப்பு இயலாமையின் வேடம் போடுவது அடியிலிருந்து தப்ப.

ஆக, முடியாது என்ற சொல்லை வைத்து மட்டும் சொன்னவர் வலுவுள்ளவரா இல்லாதவரா என்று முடிவுகட்ட முடியாது. சொன்ன பிறகு யாருக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எழுத்தர் சொன்னால் கேட்டவர் வெறுங்கையோடு திரும்புகிறார். கொத்தடிமையாக இருந்தவர் சொன்னால் அடி விழுந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்ததன் சாரம், உழைப்பவருக்கு ‘வரமாட்டேன்’ என்று சொல்லும் உரிமையைத் தந்ததுதான்.

வலுவின்மை என்பது எதையும் செய்ய முடியாத நிலை மட்டுமல்ல. ‘மாட்டேன்’ என்று நேராகச் சொல்ல முடியாத நிலையும்கூட. தமிழ்ச் சொற்களின் வரலாறு இதைத்தான் காட்டுகிறது. இயலாமையின் சொற்கள் ஒவ்வொன்றாக மறுப்பின் சொற்களாக மாறிக்கொண்டிருக்கின்றன. அந்த மறுப்பைத் தண்டனையின்றிச் சொல்லும் வசதி மட்டும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. ஆகவே இனி ஒருவரைக் கையாலாகாதவர் என்று சொல்ல நாக்கு எழும்போது அவர் கையைப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், முன்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பார்ப்போம். அலுவலகத்தில் ‘இயலாது’ என்று பதில் வந்தால், இயலாதா, மனமில்லையா என்று எழுத்தில் கேட்போம். கேட்கும் வழியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலேயே தந்துவிட்டது.